பத்தொன்பதாம் இடம்

கல்லடி
09.06.2024

பஹ்மி,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. சுலோஜனா டீச்சரின் இதழ் இன்று காலை வந்தது. "தொண்ணூறுகளின் கடைசி: மறக்க முடியாத இருபது கசற்றுகள். கேட்டு மதிப்பிட்டவர்கள் பஹ்மி, ரதீஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் பெயர் அதில் எதற்கு?

நாம் இரண்டு பேரும் நான்கு மாதம் மண்டையை உடைத்துச் செய்த பட்டியலில் "மின்மினித் தெரு" எத்தனையாம் இடம்? முதலாம் இடம். நீயும் தலையை ஆட்டினாய். அச்சில் பத்தொன்பது! "பௌர்ணமி எக்ஸ்பிரஸ்" பதினொன்றாம். ஒருவன் ஐந்து நிமிடம் விசிலடித்ததைத் தவிர அதில் என்ன இருக்கிறது? நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு வரி போட்டிருக்கிறாய்: "படம் வெளிவராததால் பாடல்களும் முகமிழந்தன. ஓரளவு கேட்கலாம்." ஓரளவு கேட்கலாமா? உனக்கு வெட்கமாக இல்லையா?

டீச்சரிடம் போய்க் கேட்டேன். "பஹ்மிதான் கடைசி நேரத்துல மாத்தித் தந்தவர் மனே. ரெண்டு பேரும் கதைச்சித்தான் செஞ்சீங்களாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

போனில் உன்னைப் பிடித்து ஏசியிருப்பேன். போனில் எனக்கு ஒன்றும் விளங்காது என்பது உனக்குத் தெரியும். ஐஸ் பக்டரியில் கொம்பிரசருக்குப் பக்கத்தில் இருபத்தொரு வருடம் நின்றதற்குக் கிடைத்த சன்மானம். இடது காது போன வருடமே முடிந்துவிட்டது. வலது காதும் இறங்கிக்கொண்டு வருகிறது. இந்த வருடம் தாண்டும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் மாசியிலேயே சொல்லிவிட்டார். இந்தப் பட்டியல் வேலைக்கு நான் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். இருபதையும் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

மற்றப் பத்தொன்பது கசற்றையும் இணையத்தில் பிடித்துக் கேட்டுவிட்டேன். மின்மினித் தெரு மட்டும் எங்கேயும் இல்லை. வெளிவராத படத்தின் பாட்டை யார் ஏற்றி வைப்பான்? என்னிடம் இருந்த பிரதி 2004 சுனாமியில் கடலோடு போனது. நான் கொழும்பில் வாங்கிய ஒரிஜினல் 1998இலிருந்து உன்னிடம்தான் இருக்கிறது. உன் றெக்கோடிங் பார் கடையில் கொப்பி அடித்து விற்கத் தந்தது. அதைத் தா. ஒருமுறை கேட்டுவிட்டுத் திருப்பித் தருகிறேன்.

ரதீஸ்


ஓட்டமாவடி
17.06.2024

மச்சான் ரதீஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு கோபத்திலும் கையெழுத்து அச்சுப் போல இருக்கிறது. அந்தக் காலத்தில் கசற் உறைகளில் பாட்டு வரிசை எழுத உன்னைப் பிடித்து வைத்திருந்தது சும்மாவா?

இடம் மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது, ஆறுதலாகக் கேள். முதலாம் இடத்துக்கு வருகிற கசற்றை ஓகஸ்ட் மாதம் மண்டபம் எடுத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டப்போவதாக டீச்சர் சொன்னார். அறுபது பேராவது வருவார்கள். அவர்களுக்கு முன்னால் ஒருவனும் கேள்விப்படாத பாட்டைப் போட்டால் கொட்டாவி விடுவார்கள். "சிக்னல் சுந்தரி" என்றால் மண்டபமே சேர்ந்து பாடும். நான் கடை வைத்திருந்தவன். எது ஓடும், எது ஓடாது என்று எனக்குத் தெரியாதா?

அதோடு, உள்ளதைச் சொன்னால் என்ன? மின்மினித் தெருவில் இருப்பதே ஐந்து பாட்டு. அதில் ஒன்று இன்னொன்றின் மெட்டை அழுதுகொண்டு பாடியது. உன் முதல் பத்தில் ஆறு கசற் அழுகை மச்சான். வாசிக்கிறவன் செத்த வீட்டுக்கு வந்தோமோ என்று யோசிப்பான்.

கசற் எங்கேயும் போகவில்லை. மேல்மாடியில் பழைய பெட்டிகளுக்குள் கிடக்கும். என் மகன் ஷிஹான் அங்கே கல்லும் சீமெந்தும் அடுக்கி வைத்திருக்கிறான். அதை ஒதுக்கிவிட்டுத் தேடித் தருகிறேன். அவசரப்படாதே. காதைக் கொழும்பில் யாரிடமாவது காட்டினாயா?

பஹ்மி


கல்லடி
28.06.2024

பஹ்மி,

அவசரப்படாதே என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? கல்லும் சீமெந்தும் என்று நொண்டிச் சாட்டுச் சொல்லாதே.

நீ வெட்டி எறிந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று நீ வாசித்தாயோ தெரியாது. மறுபடி சொல்கிறேன். அந்த வருடங்களில் வந்த கசற்றையெல்லாம் கீபோட்டைப் போட்டு நிரப்பினார்கள். ஒரு இடம் வெறுமையாக இருந்தால் அவர்களுக்குப் பயம். மின்மினித் தெருவின் இசையமைப்பாளருக்கு அந்தப் பயம் இல்லை. மூன்றாம் பாட்டில் அந்தப் பெண் பாடத் தொடங்கி அரை நிமிடம் வரைக்கும் ஒரு வாத்தியமும் இல்லை. பிறகு தபேலா வருகிறது. வீட்டுக்காரர் நித்திரை, மெதுவாகக் கதவைத் திற என்று யாரோ சொன்னது போல வருகிறது. நமக்கு அப்போது இருபத்தொரு வயது. மெதுவாக என்ற ஒன்றை நாம் கேட்டதே அதில்தான்.

அதை வாங்கிக்கொண்டு வந்த கதை உனக்கு மறந்திருக்கும். கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகம் போனேன். வேலை கிடைக்கவில்லை, கசற் கிடைத்தது. திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் என் பையைக் கொட்டி, கசற்றை எடுத்துக்கொண்டுபோய்த் தன் றேடியோவில் போட்டான். ஏதாவது இயக்கப் பேச்சு இருக்கிறதா என்று பார்க்க. பஸ் முழுக்க இறங்கி வெயிலில் நிற்கிறது. இரண்டு பாட்டு முழுதாகக் கேட்டான். திருப்பித் தரும்போது "ஹொந்தாய்", நல்லாயிருக்கு என்று சிங்களத்தில் சொன்னான். அந்தக் கசற்றுக்கு முதல் விமர்சனம் எழுதியவன் அவன்தான். அவன் உன்னைவிட நேர்மையானவன்.

நேற்று டொக்டரிடம் போனேன். கம்சாயினிதான் கூட வந்து, அவர் சொன்னதை என் வலது காதுக்குள் மறுபடி சொன்னாள். "அப்பா, இனிப் படிப்படியா இல்லையாம். ஒரு நாளைக்கு ஒரேயடியா நிண்டாலும் நிக்குமாம்." சொல்லிவிட்டு அவள் வெளியே போய் நின்றாள்.

கசற்றைத் தேடு. வாழைச்சேனையிலிருந்து வருகிற எந்தப் பஸ்ஸிலும் கொடுத்துவிடலாம். பாலத்தடியில் நான் வந்து நிற்பேன்.

ரதீஸ்


ஓட்டமாவடி
13.07.2024

மச்சான்,

பதில் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். போன் கடையில் ஒரே சனம். கை போனுக்கு உறை போடுகிறது, வாய் வாடிக்கையாளரோடு, மனம் உன் கடிதத்தில்.

தேடினேன். பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அந்தக் கசற்றும் பூஞ்சணம் பிடித்திருந்தால் போட்டவுடனே நாடா அறுந்துபோகும். என் பழைய டெக்கும் ஓடாது. ஏறாவூரில் றிஸ்கான் என்று ஒருவன் திருத்துகிறானாம். அவனிடம் கொடுத்துச் சுத்தம் செய்து தருவதுதான் புத்தி.

இதற்கிடையில் நம் சண்டையை முடிப்போம். டீச்சர் பட்டியலைச் சின்னப் புத்தகமாகப் போடப்போகிறார். அதில் மின்மினித் தெருவை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றிவிடுகிறேன். உன் ஒன்றரைப் பக்கமும் முழுதாக வரும். ஐந்து பிடிக்கவில்லை என்றால் நான்கு. அதற்கு மேல் கேட்காதே, மற்றக் கசற்றுகளுக்கும் நியாயம் வேண்டும்.

பஹ்மி


கல்லடி
22.07.2024

பஹ்மி,

ஐந்து தாறன், நாலு தாறன் என்று மீன் ஏலம் கூறுகிறாயா? எனக்கு இடம் வேண்டாம். இருபதாம் இடத்தில் போடு. பட்டியலிலிருந்தே தூக்கு. கசற்றைத் தா.

என்ன நடக்கிறது என்று உனக்கு விளங்கவில்லை. விளங்கும்படி எழுதுகிறேன். போன கிழமை "சிக்னல் சுந்தரி"யை மறுபடி போட்டேன். ஆனியில் கேட்டபோது இருந்த புல்லாங்குழல் இப்போது இல்லை. பாட்டில் இருக்கிறது, என் காதில் இல்லை. ஆள் பாடுவது கேட்கிறது, அவன் சொல்லும் சொல் கேட்கவில்லை. நான் கொடுத்த புள்ளிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பிழைத்துப்போகின்றன. நீ ஒரு கிழமை பிந்தினால் எனக்கு ஒரு வாத்தியம் குறைகிறது. எருமையில் மழை பெய்தது போல நீ பூஞ்சணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிரு.

சனிக்கிழமை கம்சாயினியை அனுப்புகிறேன். பூஞ்சணத்தோடு அப்படியே அவளிடம் கொடு. அறுந்தால் நான் ஒட்டிக்கொள்வேன்.

ரதீஸ்


ஓட்டமாவடி
28.07.2024

ரதீஸ்,

நேற்று கம்சாயினி வந்தாள். நீ சொல்லித்தான் அனுப்பியிருப்பாய், வாசலில் செருப்பைக் கழற்ற முதலே "மாமா, கசற்" என்றாள். கசற்றைத் திருத்தக் கொடுத்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். என் மனைவி வட்டிலப்பம் கட்டிக் கொடுத்தாள். போகும்போது கம்சாயினி சொன்னாள்: "மாமா, அப்பாக்கு இப்ப என்ட குரல் மட்டுந்தான் புடிபடுது. அதுவும் காதுக்குள்ள வந்து சொன்னாத்தான். நீங்க கொஞ்சம் கெதியாச் செய்ங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சிச் சொன்னாள்.

பூஞ்சணம் இல்லை. சீமெந்தும் இல்லை. கசற் இருபத்தைந்து வருடமாக என் அலுமாரியில்தான் இருக்கிறது. அதில் பாட்டு இல்லை மச்சான். நான் அழித்துவிட்டேன்.

1999 ஆவணி. பாதை மூடி இரண்டு கிழமை. கொழும்பிலிருந்து வெற்றுக் கசற் ஒன்றும் வரவில்லை. நஸீர் காக்கா புடவைக்கடை திறக்கிறார், அன்று பகல் ஓட்டோவில் விளம்பரம் போக வேண்டும் என்று வந்து நின்றார். "எப்படியாவது செஞ்சி தா தம்பி, சனம் வராட்டி நான் முடிஞ்சன்" என்றார். மேசையில் உன் கசற் இருந்தது. ஒரிஜினல் கசற்றில் அழிக்க முடியாதபடி மேலே இரண்டு ஓட்டை வைத்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த ஓட்டைகளுக்குள் சிகரெட் பெட்டித் தாளை உருட்டி அடைத்தேன். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று நான் சொல்லவே முடியாது. ஊருக்குள் இதன் கொப்பி இருபதாவது விற்றிருக்கிறேன், ஒன்றை வாங்கித் திருப்பி அடித்து வைக்கலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று கடையும் பூட்டி, கட்டாரும் போய்விட்டேன்.

அதனால்தான் பத்தொன்பது. முதலாம் இடம் என்றால் மண்டபத்தில் போடக் கசற்றைக் கேட்பார்கள். பத்தொன்பதை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீ கேட்பாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

முதல் பக்கம் முழுக்க என் குரலில் விளம்பரம். இரண்டாம் பக்கத்திலும் விளம்பரம்தான், ஆனால் கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்திலிருந்து அழியவில்லை. இரண்டு நிமிடம் பத்து விநாடி இருக்கிறது. கசற்றை இதோடு அனுப்புகிறேன். அதையாவது கேள். என்னை ஏசு.

பஹ்மி


கல்லடி
25.08.2024

பஹ்மி,

உன் கடிதத்தில் ஜூலை 28 என்று இருக்கிறது. தபால் உறையில் முத்திரை ஓகஸ்ட் 8. பத்து நாளுக்கு மேல் ஒட்டிய உறையை வைத்துக்கொண்டு என்ன செய்தாய்? பார்த்துக்கொண்டிருந்தாயா?

என் காது ஓகஸ்ட் 5 நின்றுவிட்டது. காலையில் முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் விழுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கம்சாயினி ஓடி வந்து என்னைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கசற் 10ஆம் திகதி வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பழைய பிளேயர் வாங்கிப் போட்டோம். சக்கரம் சுற்றுவது தெரிந்தது. கம்சாயினி கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "சேலை, சாரம், சட்டைத் துணி, அனைத்தும் ஒரே கூரையின் கீழ், குடும்பத்தோடு வருகை தாருங்கள்." இதையே பதினாறு தடவை சொல்கிறாயாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பிளேயரை உடைக்கக் கை ஓங்கினேன், அவள் பிடுங்கிக்கொண்டாள்.

நீ அழித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். கோபம் இருக்கிறது. ஆனால் அது சின்னக் கோபம். நஸீர் காக்கா வந்து நின்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பெரிய கோபம், ஆனி மாதம் நான் கேட்டபோது நீ உண்மையைச் சொல்லாததற்கு. அன்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு நிமிடத்தை நான் கேட்டிருப்பேன். தபேலாவும் இருந்தது, வயலினும் இருந்தது என் காதில். நீ மழுப்பி மழுப்பி அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டாய். உன்னை மன்னிக்க முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கசற்றைத் திருப்பி அனுப்புகிறேன். நீ கேட்டு எழுது. கம்சாயினிக்கு அந்தக் காலத்துப் பாட்டில் நல்லது கெட்டது தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் உனக்கு மட்டும்தான் தெரியும், அதுதான் என் தலைவிதி. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது, எத்தனையாம் இடம். செவிடன் பாவம் என்று முதலாம் இடம் தந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். இனி எனக்குப் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை.

ரதீஸ்


ஓட்டமாவடி
08.09.2024

ரதீஸ்,

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் "இத நீங்க என்னட்டச் சொல்லி என்ன மனே" என்றார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு பதினொரு தடவை கேட்டேன்.

என் விளம்பரக் குரல் முடிகிறது. "டொக்" என்று ஒரு சத்தம், நான் நிறுத்தியது. உடனே அந்தப் பெண், ஒரு சொல்லின் நடுவிலிருந்து. குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது. அப்போது நாம் அதைக் கவனிக்கவே இல்லை. பின்னால் தபேலா, நீ எழுதியது போலவே மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு துளி பிந்தி விழுகிறது. நாற்பதாவது விநாடியில் வயலின்கள். நான்கு இருக்கலாம், அதற்கு மேல் கூலி கொடுக்க அவர்களுக்கு வசதி இருந்திருக்காது. அவை மேலே ஏறும் இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதன் பிறகு ஒரு புல்லாங்குழல். அது புல்லாங்குழலே இல்லை, கீபோட். தகர டப்பா. பாட்டைக் கெடுக்கிறது. பல்லவி நான்கு முறை வருகிறது, இரண்டு போதும். முடியும் இடத்தில் வாத்தியங்களை நிறுத்திவிட்டு அந்தப் பெண் கடைசி வரியைத் தனியாகப் பாடுகிறாள். பாடுவதற்கு முன்னால் மூச்சு எடுக்கிறாள், அது தெளிவாகக் கேட்கிறது. அந்த மூச்சுத்தான் முழுக் கசற்றிலும் நல்ல இடம்.

எனக்கு அழுகை வந்தது. பாட்டுக்காக அழுகிறேனா, உனக்காக அழுகிறேனா என்று பிரித்துப் பார்த்தேன். அதற்காகத்தான் பதினொரு தடவை. மற்ற நான்கு பாட்டையும் நினைவிலிருந்து எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். முதலாம் இடம் இல்லை ரதீஸ். பத்தொன்பதும் இல்லை.

ஏழு. மின்மினித் தெரு ஏழாம் இடம். நீ கிழித்துப் போட்டாலும் ஏழுதான்.

பஹ்மி


கல்லடி
15.09.2024

பஹ்மி,

ஏழாம் இடம் என்று வாசித்தவுடன் கடிதத்தைச் சுவரில் எறிந்தேன். பிறகு எடுத்து மறுபடி வாசித்தேன். கீபோட் புல்லாங்குழலைப் பற்றி நீ எழுதிய இடத்தில், பாவி, எனக்கு அது கேட்டது.

ஆனால் ஏழுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தபேலா பிந்தி விழுகிறது என்று நீயே எழுதுகிறாய், அதற்கு எத்தனை புள்ளி கொடுத்தாய்? பல்லவி நான்கு முறை வந்தால் உனக்கு என்ன வலிக்கிறது? கடைசி வரிக்கு முன்னால் கேட்பது மூச்சே இல்லை, வயலின்காரன் வில்லை எடுக்கும் சத்தம். இருபத்தொரு வருடம் கொம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று மனதுக்குள் பாடியவன் சொல்கிறேன்.

இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறி வா. மன்னிப்புக் கேட்கிறேன் என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வராதே, பட்டியலைக் கொண்டு வா. கம்சாயினி பெரிய கொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். நான் வாயால் சண்டை பிடிப்பேன். நீ எழுதித்தான் பிடிக்க வேண்டும்.

ரதீஸ்